உளுத்ததா, மக்கியதா, இற்றதா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் உங்கள் தாத்தா காலத்து வீடு. கட்டை, செங்கல், சுண்ணாம்பு வைத்துப் போட்ட பழைய மேல்தளம். நடுக்கூடத்து உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுத்து, விரல் வைத்தால் உதிர்கிறது. பார்க்க வந்த ஆசாரி ‘உளுத்துப்போச்சு’ என்றார். கொத்தனார் ‘மக்கிப்போச்சு’ என்றார். வீட்டுப் பெரியவர்கள் ‘இத்துப்போச்சு, இடிச்சுட்டுக் கட்டு’ என்கிறார்கள். போதாக்குறைக்கு உறவினர் ஒருவர் யூட்யூப் பார்த்துவிட்டு ‘ட்ரை ராட், வீடு முழுக்கப் பரவும்’ என்று பயமுறுத்தியிருக்கிறார். இந்தச் சொற்களெல்லாம் ஒன்றா, வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டை இடிக்க வேண்டுமா என்ற கவலைதான் அதற்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எந்தச் சொல் பொருந்தும் என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதில் பாதி தெரிந்துவிடும், அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம்.

நான் சிவில் படித்தவன். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் பல வருடமாகத் தொழில். தமிழ் இலக்கணம் எனக்குத் தொழில் இல்லை, ஆனால் ஆசாரிகளோடும் கொத்தனார்களோடும் பேசிப் பேசி இந்தச் சொற்களின் எடை தெரியும். நம் பேச்சில் மரம் கெடுவதற்கு உள்ள சொற்கள் பெரும்பாலும் கெடுத்தவன் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

உளுத்தல் என்றால் பூச்சி வேலை. மரத்துக்கு மட்டும் இல்லை, பருப்புக்கும் பயறுக்கும் இதே சொல்தான். டப்பாவில் வைத்த தட்டைப்பயறு உளுத்துப்போச்சு என்றால் வண்டு துளைத்து, ஓட்டை விழுந்து, உள்ளே மாவாகிவிட்டது என்று அர்த்தம். யாரும் அதை ஈரத்தால் கெட்டது என்று புரிந்துகொள்ள மாட்டார்கள். வெளித்தோற்றம் முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. மேடைப் பேச்சில் ‘உளுத்துப்போன கொள்கை’ என்று சொல்வதும் இதைத்தான்.

மக்குதல் வேறு. எழுத்தில் மட்குதல். ஈரம் பட்டு, நாள்பட்டு, தன் உருவம் இழந்து மண்ணோடு மண்ணாகப் போவது. குப்பைக்குழியில் சாணமும் இலையும் மக்குவது மாதிரி. மாநகராட்சி வண்டியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கேட்கிறார்களே, அந்த மக்கல்தான். இதில் பூச்சி முக்கியம் இல்லை. வேலை செய்வது ஈரமும் அதில் வளரும் பூஞ்சையும்.

இற்றுப்போதல் மூன்றாவது வகை. கெடுத்தவன் யார் என்று இது சொல்லாது, முடிவை மட்டும் சொல்லும். கயிறு இற்றது, சேலை இற்றது, உத்திரம் இற்றது: பாரம் தாங்கும் சக்தி போய்விட்டது, இனி முறியும். இறுதல் என்றால் முறிதல். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று குறள் சொல்வது இந்த இறுதல்தான். மயிற்பீலி ஏற்றிய வண்டி என்றாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும். அதே வினை இன்று நம் ஊர் வாயில் ‘இத்துப்போச்சு’ என்று நிற்கிறது. ஓர் எஞ்சினியர் காதுக்கு மூன்றில் மிகவும் கனமான சொல் இதுதான். உளுத்த மரம் இன்னும் தாங்கலாம், ஓரம் மக்கிய மரமும் தாங்கலாம். இற்ற மரம் தாங்காது. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது நோயின் பெயர் இல்லை, தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரியா என்று பரிசோதிக்காமல் இடிக்கத் தொடங்காதீர்கள்.

செல்லரித்தல் என்று இன்னொன்று உண்டு. செல் என்றால் கறையான். ஏடு, பத்திரம், துணி, நிலைக்கதவு எல்லாவற்றுக்கும் வரும். அழுகல், ஊசல், நைதல் எல்லாம் உங்கள் விஷயத்தில் வராதவை. தக்காளி அழுகும், சாம்பார் ஊசும், வேட்டி நையும், மரம் ஊசிப்போச்சு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன வரம்பு எல்லோர் வாயிலும் கறாராக இருக்காது. எந்தக் கட்டை கெட்டாலும் உளுத்துப்போச்சு என்று சொல்லிவிடுகிற ஆசாரிகள் உண்டு. அகராதிகளிலும் உளுத்தலுக்குப் பதன் அழிதல் என்ற பொதுப்பொருள் கிடைக்கும். எனவே உங்கள் ஆசாரியின் சொல்லை ஒரு துப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், சாட்சி என்று வேண்டாம். ‘எதை வச்சு உளுத்ததுன்னு சொல்றீங்க’ என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். ‘மாவு கொட்டுது, ஓட்டை இருக்கு’ என்றால் அவர் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். ‘தொட்டா உதிருதுல்ல’ என்றால் அவர் சொன்னதற்கும் கொத்தனார் சொன்னதற்கும் வித்தியாசம் இல்லை.

உண்மையான உளுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மரத்தில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்ட ஓட்டைகள், அதற்குக் கீழே தரையில் நைசான மாவு. இது மாவு வண்டு. இந்த வண்டின் புழு தின்பது மரத்தில் உள்ள மாவுச்சத்தை, அதனால் மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியில்தான் வேலை. வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் அதற்குச் சாப்பாடு இல்லை. இன்னொன்று, மரம் பழசாக ஆக அந்த மாவுச்சத்து குறைந்துகொண்டே போகும். தாத்தா காலத்து உத்திரத்தில் இந்த வண்டு புதிதாக இறங்குவது அபூர்வம். ஓட்டைகள் இருந்து புது மாவு கொட்டவில்லை என்றால் அது எப்போதோ நடந்து முடிந்த கதை. கீழே ஒரு கறுப்புத் துணியோ காகிதமோ விரித்து இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் மருந்துக்குச் செலவு செய்ய வேண்டாம். விழுந்தால் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழுக்கினால் வண்டு. மணலாக நெருடி, உற்றுப் பார்த்தால் ஆறு பட்டையுள்ள குட்டிக் குட்டி மணிகளாக இருந்தால் உலர்மரக் கறையான் என்கிற வேறு ஆள். அது மண்ணோடு தொடர்பில்லாமல் மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும்.

நமக்குப் பழக்கமான கறையான் மண்ணில் இருந்து வருவது. அதற்கு ஈரம் வேண்டும், வெளிச்சமும் காற்றும் ஆகாது, அதனால் சுவரில் மண்பூச்சுப் பாதை கட்டிக்கொண்டு ஏறும். நீங்கள் அனுப்பிய உத்திரத்தின் படத்தில் அந்த மண்கோடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சுவருக்குள் இருக்கும் முனையைப் படம் காட்டாது. அங்கே மரத்தைக் கிளறும்போது உள்ளே மண் அப்பியிருந்தால் செல்லரித்தது என்று முடிவு செய்யலாம். மண் இல்லை என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இனி மக்கல். உங்கள் வீட்டில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மரத்தின் உலர் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை பூஞ்சையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கூரைக்குக் கீழே, காற்றோட்டத்தில் இருக்கிற மரம் மதுரை வெயிலில் அதற்கும் கீழேதான் நிற்கும். அதனால்தான் நம் ஊரில் அத்தனை பழைய கதவுகளும் தூண்களும் இன்னும் நிற்கின்றன. ஈரம் 30 சதவீதத்தை நெருங்கி, அங்கேயே பல வாரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு மழையில் நனைந்து காய்ந்துவிடுகிற மரம் மக்காது, நனைந்தபின் காய வழியில்லாத மரம் மக்கும். வேலிக்கால் தரைமட்டத்தில்தான் மக்கும், மேலேயும் மக்காது, ஆழத்திலும் அவ்வளவாக மக்காது. கிணற்று அடியில் போட்ட நெல்லிக்கட்டை தண்ணீரிலேயே கிடந்தும் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேருகிற இடம்தான் ஆபத்து.

உங்கள் உத்திரத்தின் முனை அப்படிப்பட்ட இடம். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிற இந்தத் தளத்தில் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கலைக் குத்தாக, சாய்வாகச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அடித்த தளம் அது. சுண்ணாம்பு ஈரத்தைக் கொஞ்சம் வாங்கும், வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். பிற்காலத்தில் ஒழுகுகிறது என்று அதன்மேல் சிமெண்ட் பூசுவார்கள். சிமெண்ட் வெயிலில் வெடிக்கும், வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கும், இறங்கியது திரும்பி வர வழி இருக்காது. அது ஓடி நிற்கிற இடம் கைப்பிடிச்சுவர் ஓரம். அங்கேதான் உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது. உள்ளே எனாமல் பெயிண்ட் வேறு அடித்திருந்தால் மரம் மூச்சுவிட இருந்த ஒரே வழியும் அடைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கிய ஈரம் தை மாதத்திலும் உள்ளே இருக்கும். மழைத்தண்ணீர் தூம்பு அந்த உத்திர முனைக்கு நேர் மேலே இருக்கிறதா என்று மாடி ஏறிப் பாருங்கள். இந்த மாதிரி வீடுகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மக்கிய மரம் இரண்டு மாதிரித் தெரியும். ஒன்று, பழுப்பாகிச் சுருங்கி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிளந்து, விரலில் தேய்த்தால் பழுப்புப் பொடியாகும். இதில் பூஞ்சை மரத்தின் நாரைத் தின்றுவிட்டுப் பழுப்புச் சக்கையை மிச்சம் வைத்திருக்கிறது. இன்னொன்று, வெளுத்து, நார் நாராக, பஞ்சு மாதிரிப் பிய்ந்து வரும். பாரம் தாங்கும் கட்டையில் நான் பயப்படுவது முதல் வகைக்குத்தான். அதில் மரத்தின் எடை பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் வலிமையில் பெரும்பகுதி போய்விடும். கண்ணுக்கு லேசாக நிறம் மாறியதாகத் தெரியும்போதே அது இற்றிருக்கலாம். நீங்கள் ‘கறுத்து, உதிர்கிறது’ என்று எழுதியிருப்பது இந்த வகைக்குப் பொருந்தி வருகிறது.

ட்ரை ராட் விஷயத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அது இங்கிலாந்து மாதிரிக் குளிர்நாட்டு வீடுகளில் வரும் ஒரு குறிப்பிட்ட பூஞ்சை. செங்கல் சுவரைத் தாண்டியும் ஓடும், அங்கே அதற்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. பெயரில் ட்ரை இருந்தாலும் அதற்கும் ஈரம் வேண்டும். அது நன்றாக வளர்வது 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில், 26, 28 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுபோகும். நம் நாட்டில் அது இயற்கையாக இருப்பது இமயமலைக் காடுகளில். மதுரை வெயிலில் அது வீடு முழுக்கப் பரவும் என்பதை நம்பி நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். நம் ஊர்ப் பூஞ்சைகள் ஈரம் இருக்கிற இடத்தோடு நிற்பவை. ஈரம் காய்ந்தால் அவற்றின் வேலையும் நின்றுவிடும்.

ஆக, நீங்கள் எழுதியதையும் படத்தையும் வைத்து எனக்கு உறுதியாகத் தெரிவது: கெட்டிருப்பது சுவரோர முனை, மேலே ஈரம் இறங்குகிறது, அந்த ஈரத்தை நிறுத்தாமல் மரத்துக்கு எதைச் செய்தாலும் வீண். பெரும்பாலும் சரி என்று நினைப்பது: இது மக்கல், கொத்தனார் சொன்னது பொருந்துகிறது. சந்தேகத்தில் இருப்பது: எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது, அதோடு பூச்சியும் சேர்ந்திருக்கிறதா என்பது. ஈரமான மரத்தைக் கறையானுக்கும் பிடிக்கும், இரண்டும் சேர்ந்து வருவது சாதாரணம். அப்படியிருந்தால் ஆசாரி, கொத்தனார் இரண்டு பேர் சொன்னதும் சரியாகிவிடும். இதைப் படம் பார்த்து யாரும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள்.

நேரில் பார்க்கிறவர் செய்ய வேண்டியது இது. முதலில் அந்த முனைக்குப் பக்கத்தில், கெடாத பகுதிக்கு அடியில், முட்டுக் கொடுங்கள். இது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. முட்டு நிற்கும் தரையும் உறுதியாக இருக்கட்டும், அடியில் ஒரு பலகை போட்டு நிறுத்துங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி, செங்கல் அடுக்கு என்று ஏதாவது இருந்தால் இறக்கிவிடுங்கள். அப்புறம் சிறு சுத்தியலால் உத்திரம் நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். வைரமான இடம் கணீரென்று கேட்கும், கெட்ட இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் கூரான குத்தூசியால் குத்திப் பார்க்கலாம். நல்ல மரத்தில் ஊசி நிற்கும், நெம்பினால் நீளமான சிலாம்பு எழும். மக்கிய மரத்தில் ஊசி இறங்கும், நெம்பினால் சிலாம்பு வராமல் பொட்டென்று உடையும். கடைசியாக 3 மில்லிமீட்டர் டிரில்லால் துளை போட்டு, வரும் தூளின் நிறத்தையும் எந்த ஆழத்தில் டிரில் திடீரென்று தடையில்லாமல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஈரம் பார்க்கும் மீட்டர் யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது.

பெரும்பாலான வீடுகளில் இந்தச் சோதனையின் முடிவு, சுவருக்குள் இருக்கும் ஓர் அடி, ஒன்றரை அடிதான் போயிருக்கிறது, மிச்ச உத்திரம் இரும்பு மாதிரி இருக்கிறது என்பதாக வரும். பர்மாத் தேக்கு என்றால் சொல்லவே வேண்டாம். அப்படியானால் முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டாம். மாடி ஒழுகலை முதலில் சரிசெய்து, ஒரு கோடை காயவிட்டு, கெட்ட முனையை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டுச் சுவரில் உட்கார வைக்கலாம். நல்ல ஆசாரி கிடைத்தால் அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போடவும் முடியும். எந்த அளவு சேனல், எத்தனை போல்ட் என்பதை ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், ஆசாரியின் அனுபவத்தை மட்டும் நம்பி விட வேண்டாம். புதிய முனையைச் சுவருக்குள் வைக்கும்போது சுற்றிலும் சிமெண்ட் வைத்து அடைக்காமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விடச் சொல்லுங்கள். இதில் கொத்தனாரோடு சண்டை வரும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மண்ணில் இருந்து வரும் கறையான் இருப்பது உறுதியானால் மட்டும் மண்ணுக்கு மருந்து. ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு எப்படி அடிப்பது என்பதற்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313, மூன்றாம் பகுதி இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மண்ணுக்குள் மருந்து இறக்குவார்கள். உத்திரத்தின் மேல் மட்டும் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவரிடம் ‘மண்ணுக்கு என்ன செய்தீர்கள்’ என்று கேளுங்கள். மாவு வண்டுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீர் நல்ல பலன் தரும். ஆனால் மரம் அதைக் குடிக்க வேண்டும், பெயிண்டோ வார்னிஷோ சுரண்டாமல் அடித்தால் வழிந்து கீழேதான் போகும். மழை படும் மரத்துக்கு இது ஆகாது, கரைந்துவிடும்.

கடைசியாக, கிராமத்து வீட்டின் மாட்டுக்கொட்டகைக்குப் பனங்கையும் மூங்கிலும் போடப் போவதாகவும், தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்கிறார்களே என்றும் கேட்டிருந்தீர்கள். மூங்கிலில் மாவுச்சத்து குறைவாக இருக்கும்போது வெட்டினால் வண்டு குறைவாக விழும் என்பது நிச்சயம். அது பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதும் நிச்சயம். நிலவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அந்த அளவுக்கு நிரூபணமானது இல்லை. தேய்பிறையில் வெட்டுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை, வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், முற்றின மூங்கிலாகப் பார்த்து வெட்டி, கண்மாயிலோ தொட்டியிலோ சில வாரம் ஊறப்போடுங்கள். சத்து தண்ணீரில் கரைந்து போய்விடும். நாற்றம் எடுக்கும், வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். பனை விஷயத்தில் மற்ற மரத்துக்கு நேர் எதிர்க் கணக்கு: வைரம் வெளிப்பக்கம், சோறு உள்பக்கம். முற்றின பனையாக எடுத்து, உள்சோற்றைச் சுத்தமாகச் செதுக்கி எறியச் சொல்லுங்கள். உளுப்பும் மக்கலும் தொடங்குவது அந்தச் சோற்றில்தான். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் எடுக்கும் எண்ணெய் பூசுவது நல்ல பழைய வழக்கம். கைக்கு உறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு பூசுங்கள், தோலில் பட்டால் கொப்பளித்துவிடும்.